எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு மொழி செய்தேன், பார்த்தால் தமிழுக்கு மாறுவேஷம்

கிள்ளைக்காரன் கேட்டது:

தொழிலில் நான் கணக்கு எழுதுகிறவன். மொழியியல் படித்தவன் இல்லை. இருப்பது சிதம்பரம், சொந்த ஊர் பிச்சாவரம் பக்கம். அந்த அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்ப் போய், சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் மனிதர்கள் வீடு கட்டிப் பரம்பரையாக வாழ்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கதை மனதில் ஓட ஆரம்பித்தது. கதையில் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. அதற்குள் அந்த மக்கள் பேச ஒரு மொழி வேண்டும் என்று அதில் இறங்கிவிட்டேன். பெயர் ஓலுமி. எட்டு மாதமாக இரவு பத்து மணிக்கு மேல் இதுதான் வேலை. நீளக் கணக்கு நோட்டு ஒன்றில் 340 சொற்கள், வேற்றுமை உருபுகள், கால இடைநிலைகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. பற்று வரவு மாதிரி இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஓலுமி.

அந்த இடப்பக்கம்தான் வினையாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். முதல் பக்கத்தில் நான் பெருமையாக எழுதி வைத்திருந்த வாக்கியம் இது:

ஸா லூமிகு தெபோரா.

நான் மீனை வாங்கினேன் என்று பொருள். ஸா என்றால் நான். லூமி என்றால் மீன். கு என்பது ஐ. தெப் என்றால் வாங்கு, ஓர் இறந்தகாலம், கடைசி ஆ என்பது ஏன் விகுதி. பென்சிலை எடுத்து ஒவ்வொன்றின் கீழும் ஒரு கோடு போட்டாள். "நான், மீன், ஐ, வாங்கு, இன், ஏன். அப்பா, இது தமிழ்தானே? சத்தத்தை மட்டும் மாத்திட்டீங்க. நாங்க க-பாஷை பேசுவோமே, அந்த மாதிரி."

அது வேறு, இது வேறு என்று சமாளித்தேன். அவள் விடவில்லை. அடுத்த பக்கத்தில் 'எனக்கு மீன் பிடிக்கும்' என்பதற்கு நாஸ் என்று ஒரு வினை. அதற்கு மேலேயே 'அவன் நண்டைப் பிடித்தான்' என்பதற்கும் அதே நாஸ். "அவங்களுக்கும் பிடிக்கிறதும் பிடிக்கிறதும் ஒண்ணுதானா?" என்றாள். கையால் பிடிப்பதும் மனதுக்குப் பிடிப்பதும் ஒரே சொல்லாக இருப்பது தமிழின் விசேஷம் என்று 43 வயதில் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் நோட்டு முழுக்க அதுவாகவே தெரிகிறது. மீன் வாங்கினாலும் தெப், அடி வாங்கினாலும் தெப். சட்டை போடுவதும் சண்டை போடுவதும் சத்தம் போடுவதும் ஒரே வினை!

ஆங்கிலத்தில் தேடினால் எர்கேட்டிவ், எவிடென்ஷியல் என்று மருந்துக்கடைச் சீட்டு மாதிரி வருகிறது. உலக மொழிகளின் இலக்கணத்தில் எங்கே போய்ப் பார்ப்பது, எதை எடுத்துக்கொள்வது? சொற்களை எறிந்துவிட மனமில்லை. இலக்கணத்தை எங்கிருந்து பிரிக்க ஆரம்பிக்கலாம்?


சாக்பீஸ் எழுதியது:

தம்பி, மகளுக்கு என் ஆசி. முப்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவன் நான். கோடு போட்டுப் பிரித்துக் காட்டு என்றால் பத்தாம் வகுப்பே முழிக்கும்.

வெளியூர் இலக்கணத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தமிழ் உங்களை என்னென்ன சொல்லும்படி கட்டாயப்படுத்துகிறது, எதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது என்று பாருங்கள். நாம், நாங்கள் என்று இரண்டு வைத்திருப்பீர்களே? பந்தயம் கட்டுகிறேன், உங்கள் நோட்டிலும் இரண்டு இருக்கும். முன்னால் நிற்பவரையும் சேர்த்தா, விட்டுவிட்டா என்பதை நாம் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் அதைக் கேட்பதே இல்லை.

அடுத்து மறுப்பு. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுகிறோம். 'வரவில்லை' என்றதும் ஆள் காணாமல் போய்விடுகிறான். நானும் வரவில்லை, அவனும் வரவில்லை, அவர்களும் வரவில்லை. பழைய தமிழில் இது நேர்தலைகீழ். அறியேன், அறியாய், அறியான் என்று ஆள் இருக்கிறான், காலம்தான் இல்லை. 'அறியேன்' என்றால் நேற்று அறியவில்லையா, நாளைக்கும் அறியமாட்டேனா என்பது சொல்லில் இல்லை. ஒரே மொழி, மறுப்பு என்று வந்தால் ஒரு காலத்தில் காலத்தைத் தொலைத்தது, இன்னொரு காலத்தில் ஆளைத் தொலைத்தது. உங்கள் ஓலுமி எதைத் தொலைக்கும்?

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று. (பிடித்த! உங்கள் மகள் இனி என்னையும் நிம்மதியாக எழுத விடமாட்டாள்.) வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு என்று பிரிக்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், ஆனால் அவனுக்குக் கொடுத்தான். நாம் இதை மறந்துவிட்டோம். மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது, அவனுக்கு என்றால் 'கொடுத்து', எனக்கு என்றால் 'தன்னு'. அதோடு நிற்கவில்லை. கேட்கிறவன் தாழ்ந்தவனாக இருந்தால் ஈ என்பான், ஒத்தவன் தா என்பான், உயர்ந்தவன் கொடு என்பான் என்று இன்னொரு பிரிவு. ஒரு பொருள் கைமாறும் ஒரே ஒரு சின்னச் செயல், அதற்குள் யார் எங்கே நிற்கிறார், யார் பெரியவர் என்பதெல்லாம் இலக்கணமாக உட்கார்ந்திருக்கிறது. படகும் வலையும் கைமாறிக்கொண்டே இருக்கும் உங்கள் ஊரில் இதை வைத்து ஒரு அத்தியாயமே எழுதலாம்.

இன்னொன்று. ஓலுமிக்குள் தொழில்மொழி உண்டா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார் என்று குழூஉக்குறிக்கு நாங்கள் வகுப்பில் உதாரணம் சொல்வோம். சொல்விளம்பியைச் சொல்லும்போது மட்டும் கடைசி பெஞ்சு விழித்துக்கொள்ளும்.

ஓசையையும் பாருங்கள். லூமி என்று ல-வில் தொடங்கியிருக்கிறீர்கள், நல்ல காரியம், நன்னூல் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் நீங்கள் காட்டிய வாக்கியத்தில் ஒரு சொல்லாவது க், ப், ட் என்று வல்லினத்தில் முடிகிறதா? முடியாது. கப்பையும் பஸ்ஸையும் கப்பு, பஸ்ஸு என்று உ சேர்த்து இறக்கிவைக்கும் நாக்கு உங்களுடையது. லூமியை 'லூம்க்' என்று சொல்லிப் பாருங்கள். வாய் திணறினால் சரியான பாதையில் போகிறீர்கள்.


கடல்தாண்டி எழுதியது:

அண்ணா, நான் மொழியெல்லாம் உருவாக்கியதில்லை. ஆனால் தான்சானியாவில் தாருஸ்ஸலாமில் ஆறு வருஷம் குடும்பம் நடத்தி, மீன் வாங்கியே சுவாஹிலி கற்றுக்கொண்டவள். உங்கள் வாக்கியத்தைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. அங்கே அது இப்படி:

நிலினுனுவா சமாகி.

நி என்றால் நான். லி இறந்தகாலம். நுனுவா வாங்கு. சமாகி மீன். நாம் வினையைச் சொல்லி, காலத்தைச் சொல்லி, கடைசியில்தான் ஆளைச் சொல்கிறோம். அவர்கள் ஆளைச் சொல்லி, காலத்தைச் சொல்லி, அப்புறம்தான் வினை. தமிழ்ச் சொல்லைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும். வாங்கு என்பதற்குள் அடி வாங்குவது வராது, நுனுவா என்றால் காசு கொடுத்து வாங்குவது மட்டும்தான். இது தெரியாமல் நான் பேசி கிவுகோனி மீன் சந்தையில் ஒரு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உயர்திணை, அஃறிணை என்று நாம் இரண்டாகப் பிரிக்கிறோம். அவர்கள் பெயர்ச்சொற்களைப் பல வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள், சொல்லின் தலையைப் பார்த்தே வகுப்பு தெரியும். ம்து ஒரு மனிதன், வாது மனிதர்கள். கிதி நாற்காலி, விதி நாற்காலிகள். வாக்கியத்தில் கூட வரும் சொற்களும் அதே தலையோடுதான் வர வேண்டும். பெரிய புத்தகம் விழுந்துவிட்டது என்றால் 'கிதாபு கிக்குப்வா கிமெயங்குகா'. நிறையப் புத்தகம் என்றால் 'விதாபு விக்குப்வா விமெயங்குகா'. பள்ளிக்கூடத்தில் ஒரே சீருடை போட்டு வரிசையில் போகிற பிள்ளைகள் மாதிரி.

வேடிக்கை என்னவென்றால் கிதாபு அரபியிலிருந்து வந்த சொல். அரபியில் க, த, ப மூன்றும்தான் வேர், 'கி' தனி உறுப்பே கிடையாது. சுவாஹிலி அதைப் பார்த்து, ஓ, நம்ம கி-தானே என்று எடுத்துக்கொண்டு, பன்மையில் விதாபு ஆக்கிவிட்டது. இடப்பக்கம் போ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த ரவுண்டானாப் பலகையைப் பார்த்து ரவுண்டானாவுக்கே 'கிபிலெஃப்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு ரவுண்டானா என்றால் விபிலெஃப்தி. உங்கள் ஓலுமிக்காரர்களும் பக்கத்துத் தீவிலிருந்து சொல் வாங்குவார்கள் இல்லையா? வாங்கும்போது எதைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று யோசியுங்கள். உங்களிடம் இருக்கும் 340 சொல்லில் பாதியை அப்படி 'வந்த சொல்' என்று கணக்கு எழுதிவிடலாம், எறியவும் வேண்டாம்.

நேரமும் அங்கே வேறு. சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுவார்கள். காலை ஏழு மணிக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. எனக்கு முதல் மாதம் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய ஆள் 'சா ம்பிலி' வருகிறேன் என்றார். இரண்டு மணிதானே என்று நான் வெளியே போய்விட்டேன். அவர் காலை எட்டு மணிக்கு வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சாக்பீஸ் ஐயா சொன்ன ஓசை விஷயத்துக்கும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ம்பிலி இரண்டு, ம்புஸி ஆடு, ந்திஸி வாழைப்பழம். சொல்லே ம்ப, ந்த என்று தொடங்கும். எனக்கு 'இம்புஸி' என்று வராமல் இருக்க ஒரு வருஷம் ஆனது.


அரைகுறை எழுதியது:

மேலே இருவரும் சொன்னது எல்லாம் சரி. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் மூன்று மொழி கட்டினேன், மூன்றும் செத்தன. இரண்டாவதை மட்டும் சொல்கிறேன். துருக்கி மொழியில் வீடு 'எவ்', வீடுகள் 'எவ்லெர்', ஆனால் குதிரை 'அத்', குதிரைகள் 'அத்லார்'. சொல்லின் உயிருக்கு ஏற்றபடி விகுதியின் உயிர் மாறும். ஆஹா என்று எடுத்துக்கொண்டேன். அரபி வேர் முறை எடுத்துக்கொண்டேன். பதினான்கு வேற்றுமை வைத்தேன். ஸ்டார் ட்ரெக் படங்களில் வரும் கிளிங்கான் மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ரன்ட் அந்நியமாகத் தெரியட்டும் என்று செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற அரிய வரிசையை வைத்தார் என்று படித்து, அதையும் போட்டேன். (அந்த வரிசையில் பிரேசிலில் ஹிஷ்கரியானா மொழிக்காரர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மனித வாய்க்கு அந்நியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை.) பத்து மாதம் கழித்து 'கொஞ்சம் தண்ணி குடு' என்று சொல்ல நான்கு அட்டவணை பார்க்க வேண்டியிருந்தது. தாகமே போய்விட்டது.

எஸ்பெராண்டோ என்ற மொழியை உருவாக்கிய சாமன்ஹோஃப் எப்படிச் செய்தார் பாருங்கள். 1878-லேயே பள்ளி நண்பர்களைக் கூட்டி வைத்துத் தன் மொழியின் முதல் வடிவத்தைக் கொண்டாடிவிட்டார். வெளியிட்டது 1887-ல், வார்சாவில். நடுவில் அந்த மொழியில் மொழிபெயர்த்தார், சொந்தமாக எழுதினார், எங்கே இடறுகிறதோ அங்கே திருத்தினார். வெளியே வந்தபோது எஸ்பெராண்டோவுக்கு 16 விதிதான். பெயர்ச்சொல் ஓ-வில் முடியும், பெயரடை ஆ-வில் முடியும். அவ்வளவு சுருக்கியவரும் நம்ம ஐ உருபு மாதிரி ஒரு 'ன்' வைத்தார், அது வேண்டுமா வேண்டாமா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள்.

அதனால் அட்டவணையை மூடிவிட்டு மூன்று விஷயம் எழுதிப் பாருங்கள்: குழந்தையைத் திட்டுவது, ஆற்றில் காணாமல் போன படகைப் பற்றி வம்பு பேசுவது, ஒருவருக்கு வழி சொல்வது. இந்த மூன்றிலும் இலக்கணம் தானாக வெளியே வரும்.

வழி சொல்வதற்கு ஒரு உதாரணம். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் வடக்கே குகு யிமிதிர் என்ற மொழி. கங்காரு என்ற சொல்லை 1770-ல் குக் கப்பல்காரர்கள் அங்கிருந்துதான் எடுத்துவந்தார்கள். இடப்பக்கம் வலப்பக்கம் என்று அந்த மொழிக்காரர்கள் வழி சொல்வதில்லை. உன் வடக்குக் கால் பக்கம் எறும்பு என்கிற மாதிரிதான் பேச்சு. உங்கள் காட்டில் கால்வாய் வளைந்து வளைந்து போகும், வடக்கும் தெற்கும் அங்கே என்ன பிரயோஜனம்? கடல் பக்கம், கரைப் பக்கம் இரண்டு போதாதா?

வம்புக்கு ஒன்று. வந்தான் என்றால் நான் பார்த்தேன், வந்தானாம் என்றால் யாரோ சொன்னார்கள். அந்த 'ஆம்' ஒன்றை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு குடும்பத்தைக் கலைத்திருக்கிறோம்! துருக்கியில் 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம், அதே கெல்மிஷ் வந்திருப்பான் போலிருக்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான். நீங்கள் கேட்ட எவிடென்ஷியல் இதுதான், பயப்பட ஒன்றும் இல்லை. சேற்றுத் தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. வேர் ஆடுவதை வைத்துத்தான் சொல்வார்கள். அப்படி ஒரு ஊருக்கு, 'பார்த்தேன்' என்பதற்கும் 'ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன்' என்பதற்கும் வினையிலேயே வித்தியாசம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

அந்த மக்களுக்கு நாள் முழுக்க எது கவலையோ அதில் ஒன்று, கூடிப்போனால் இரண்டு, இலக்கணத்தில் ஏறட்டும். மிச்சத்தைத் தூக்கிப் பரணில் போடுங்கள்.


கிள்ளைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நாலு நாள் ராத்திரி நோட்டைப் பக்கத்திலேயே வைக்கவில்லை. இடப்பக்கத்தில் தமிழ் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். படம் வரைகிறேன். எனக்கு வரையத் தெரியாது, அதனால் மகள் வரைகிறாள்.

முதலில் தெப்பின் பழைய பொருள் போனது. வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது "அவங்ககிட்ட காசு இருக்கா?" என்று கேட்டாள். எட்டு மாதத்தில் நான் யோசிக்கவே இல்லை. காசு இல்லை. அப்படியானால் வாங்குவதும் இல்லை. கையிலிருந்து கைக்கு வருவது தெப், தண்ணீரே கொண்டுவந்து போடுவது ம்போர் என்று இரண்டாக்கிவிட்டோம். (ம்போர், கடல்தாண்டி அவர்களுக்குக் காணிக்கை.)

அப்புறம் காலம். கடல் ஒரு தடவை ஏறி மறுபடி ஏற ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அதனால் இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு ஓதம் ஏறினால் நாளைக்கு ஏழு மணியை நெருங்கிவிடும், நாளுக்கு ஐம்பது நிமிடம்போல் தள்ளிக்கொண்டே போகும். படகு எடுப்பது, வலை போடுவது, தூங்குவது எல்லாமே அந்தக் கணக்கில்தான். சூரியனை நம்பி இவர்களுக்கு வேலையே நடக்காது. நேற்று, இன்று, நாளை மூன்றையும் அடித்துவிட்டேன். இந்த ஓதம் என்றால் ஊ, போன ஓதம் என்றால் கெ. வினைக்கு முன்னால் நிற்கும். இடைநிலைப் பட்டியல் இரண்டு பக்கம் குறுக்குக் கோடு போட்டாயிற்று, கணக்கு எழுதுகிறவனுக்கு அது எவ்வளவு வலி என்று உங்களுக்குத் தெரியாது.

வேர் ஆட்டத்துக்கு வினையின் கடைசியில் ஒரு சின்ன 'ட்'. கண்ணால் பார்த்திருந்தால் ஒன்றும் வேண்டாம். வல்லினத்தில் முடிகிறது ஐயா, கவனியுங்கள். வேறு எதையும் சேர்க்கவில்லை. சுவாஹிலிச் சீருடை ஆசையாகத்தான் இருக்கிறது, அரைகுறை சொன்னதற்காகப் பரணில் போட்டிருக்கிறேன்.

இப்போது பழைய வாக்கியம்:

கெம்போர் லூம்க் ஸா.

மகள் மறுபடி பென்சிலை எடுத்தாள். கெ, போன ஓதம். ம்போர், தண்ணீர் போட்டது. லூம்க், மீன். ஸா, நான். ஐ உருபும் இல்லை, ஏன் விகுதியும் இல்லை. "நான் வாங்கினேன்னு எங்கயுமே இல்லையே. மீனைக் குடுத்தது யாரு?" தண்ணீர்தான் என்றேன். "அப்ப தண்ணின்னு ஏன் சொல்லல?" சொல்ல வேண்டாம், ம்போர் என்றாலே தண்ணீர்தான், வேறு யாரும் ம்போர் செய்ய முடியாது என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கோடு போடவில்லை.

ஆனால் புதுத் தலைவலி. கெ என்றால் போன ஓதம், சரி. அதற்கு முந்தின ஓதம்? மகள் கெகெ என்று வைத்துவிட்டாள். அதற்கும் முந்தினதற்குக் கெகெகெ. இப்போது யாருக்காவது போன வாரம் படகு கவிழ்ந்தது என்றால் பதிமூன்று கெ சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.


சாக்பீஸ் எழுதியது:

நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள் தம்பி. வாய் வலித்தால் அவர்களே குறைத்துக்கொள்வார்கள். 'கொண்டு வா' நம் வாயில் 'கொண்டா' ஆகவில்லையா? 'வந்துகொண்டிருக்கிறேன்' 'வந்துட்டிருக்கேன்' ஆகவில்லையா? கெகெகெ நூறு வருஷத்தில் தேய்ந்து 'கேக்' ஆகியிருக்கும், அதற்குப் 'பல ஓதம் முன்னால்' என்று பொருள் வந்திருக்கும். பாட்டிமார் மட்டும் கெகெகெ என்று முழுசாகச் சொல்வார்கள், பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்.


கிள்ளைக்காரன் எழுதியது:

மகளிடம் படித்துக் காட்டினேன். கேக் என்றே நோட்டில் எழுதிவிட்டாள், பக்கத்தில் ஒரு துண்டு கேக்கும் வரைந்திருக்கிறாள். அதை அழிக்கச் சொல்லவா, பக்கத்துத் தீவிலிருந்து வந்த சொல் என்று கணக்கில் ஏற்றிவிடவா என்று தெரியவில்லை.